மணியின் மச்சம்

எங்கள் ஊர் கிவிலாவையும் பக்கத்து ஊர் ட்ரெவோர்த்தனையும் ஒரே டவுன்ஷிப்பாக இணைக்கப்போகிறார்கள் என்று செய்தி வந்தபோது இரண்டு ஊரிலும் யாரும் பெரிதாக வருத்தப்படவில்லை. இருந்த இரண்டு பனி தள்ளும் வண்டிகளில் ஒன்றின் இன்ஜின் போய்விட்டது, இனிமேல் இரண்டு ஊருக்கும் சேர்த்து ஒரே வண்டிதான் என்று தெரிந்த அன்றுதான் ஊர் கலங்கியது.

அமெரிக்காவின் வட எல்லையில் சுப்பீரியர் ஏரிக்குள் கட்டைவிரல் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிற இடம் எங்களுடையது. ஏரி கொடுக்கிற பனியையெல்லாம் முதல் ஆளாக வாங்கிக்கொள்வது நாங்கள்தான். வண்டி எந்த ஊர்க் கொட்டகையில் நிற்கிறதோ அந்த ஊர்த் தெரு விடிவதற்குள் சுத்தமாகிவிடும். மற்ற ஊருக்கு அது வந்துசேர மத்தியானம் ஆகும். அதுவரை அந்த ஊர்க்காரர்கள் ஜன்னல் வழியாக ஒருவருக்கொருவர் கையசைத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

எனக்கு அப்படிக் கையசைத்துக்கொண்டிருக்க வசதியில்லை. மலைக்கு அந்தப் பக்கம் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை. மண்ணையும் உலோகத்தையும் அமிலத்தில் கரைத்து, அதற்குள் கண்ணுக்கே தெரியாத அளவில் என்னென்ன ஒளிந்திருக்கிறது என்று அளந்து சொல்வது. போன குளிர்காலத்தில் வண்டி பழுதாகி நின்றபோது தினமும் லேட்டாகப் போனேன். டீன் கூப்பிட்டு, "ஐலா, இன்னொரு குளிர்காலம் இப்படியே போச்சுன்னா நாங்க வேற ஆளைப் பாக்க வேண்டியிருக்கும்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் சிரிப்பது கெட்ட செய்தி சொல்லும்போது மட்டும்தான்.

ஆக, வண்டி எந்த ஊரில் நிற்கும் என்ற கேள்வி, எனக்கு வேலை இருக்குமா என்ற கேள்வியும்தான்.

கொட்டகை எப்போதும் ஊர் நிர்வாகம் நடக்கிற டவுன்ஷிப் ஹாலை ஒட்டி இருக்கும். ஹால் எந்த ஊரில் இருக்கும்? இங்கேதான் மணி குறுக்கே வந்தது.

செம்புச் சுரங்கம் ஓடிய காலத்தில் ஷிஃப்டு மாறும்போது அடித்த மணி அது. கம்பெனி கடையைக் கட்டிக்கொண்டு போகையில், "எந்த ஊர்ச் செம்பில் வார்த்ததோ அந்த ஊருக்கே இந்த மணி" என்று யாரோ ஒரு மேனேஜர் உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லிவிட்டு ரயிலேறினாராம். எந்த ஊர்ச் செம்பு என்று சொல்ல மறந்துவிட்டார். அன்றிலிருந்து மணி, விவாகரத்தானவர்களின் பிள்ளை மாதிரி, ஆறு மாதம் இங்கே, ஆறு மாதம் அங்கே. நடுக்கோடைத் தீயைக் கொளுத்திக் கும்மாளம் முடித்ததும் நாங்கள் அதை லாரியில் ஏற்றி அனுப்புவோம். கிறிஸ்துமஸுக்கு அவர்கள் திருப்பி அனுப்புவார்கள், பெரும்பாலும் தலைகீழாக.

இணைப்பு வேலைக்காகக் கவுண்டி என்கிற எங்கள் மாவட்ட அலுவலகத்திலிருந்து வந்த கமிஷனர் ஆரின் ஃபிட்ச் வயிற்றுப்புண்காரர். இரண்டு ஊர்த் தலைவர்களும் மணியைப் பற்றி மாறி மாறிப் பேசியதைக் கேட்டு அவருக்குப் புண் பெரிதானது.

"போதும்!" என்றார். "மணி எந்த ஊருதோ, ஹால் அந்த ஊர்ல. ஹால் எங்கயோ, வண்டி அங்க. மணி எந்த ஊருதுன்னு கல்லூரிக்காரங்க அளந்து சொல்லட்டும். எல்லாருக்கும் சம்மதமா?"

இரண்டு தலைவர்களும் ஒரே வேகத்தில் சம்மதம் என்றார்கள். இரண்டு பேருக்கும் மணி தன்னுடையது என்பதில் சந்தேகமே இல்லை. கூட்டம் முடிந்ததும் கமிஷனர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நீங்க கிவிலாவாமே. இந்த விஷயத்துல நீங்க ஆய்வுக்கூடத்து ஆளு, அவ்வளவுதான். எந்த ஊருக்காகவும் வாயைத் திறக்கக்கூடாது. திறந்தா மொத்தமும் செல்லாது." நான் தலையாட்டினேன். வாயைத் திறக்காமல்தான்.

எங்கள் தலைவர் உர்ஹோ ஹாபாலா. பேசும்போது ஒரு கையைக் கோட்டுக்குள் விட்டுக்கொண்டு முகத்தைக் கொஞ்சம் மேலே தூக்கிக்கொள்வார், சிலை வடிக்க வருகிறவனுக்கு வசதியாக. அவர்களுடைய தலைவர் டிகோரி பென்ஹேல். அவரும் மனைவி மோர்வென்னாவும் பாஸ்டி கடை வைத்திருக்கிறார்கள். இறைச்சியும் உருளைக்கிழங்கும் உள்ளே வைத்து மடித்துச் சுட்டது, சுரங்கத்துக்காரர்கள் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கிய பண்டம். தன் முன்னோர்கள் இங்கிலாந்தின் கார்ன்வாலில் பூமியைக் குடைந்துகொண்டிருந்தபோது எங்கள் முன்னோர்களான ஃபின்லாந்துக்காரர்கள் மரத்தில் உட்கார்ந்திருந்தார்கள் என்பது டிகோரியின் சரித்திரம். கடைக்குப் போனால் இலவசமாகக் கிடைக்கும்.

ஆய்வுக்கூடத்தில் என் மேலதிகாரி டாக்டர் கோர்ட்லண்ட் ப்ரௌவர். அந்த வருடம்தான் அவருக்கு ஒரு புதிய எந்திரம் வந்திருந்தது. அதற்குள் சூரியனின் மேல்தோலைவிடச் சூடான ஒரு தீ எரியும். நாம் கரைத்துக் கொடுப்பதை அந்தத் தீயில் தூவி, நூறு கோடியில் ஒரு பங்கு இருந்தாலும் கண்டுபிடித்துவிடும். டாக்டர் அதை 'இவள்' என்றுதான் சொல்வார்.

இரண்டு ஊர்க்காரர்களையும் வைத்துக்கொண்டு, "ஒரு பெரிய நீச்சல்குளத்துல யாராவது ஒரே ஒரு சொட்டு பிராந்தியை விட்டா, இவ சொல்லிடுவா" என்றார்.

கூட்டம் வாயைப் பிளந்தது. பிராந்தியைக் கொண்டுபோய்க் குளத்தில் விடுகிற ஆள் யார் என்பதுதான் எங்கள் பக்கத்தில் யாருக்கும் புரியவில்லை.

"இவ பொய் சொல்ல மாட்டா" என்று முடித்தார் டாக்டர்.

அது உண்மை. இவள் பொய் சொல்ல மாட்டாள். ஆனால் நாம் எதை ஊட்டுகிறோமோ அதைத்தான் சொல்வாள். ஊட்டுகிற கையில் ஒட்டியிருப்பதையும் சேர்த்து. அதனால்தான் எங்கள் தொழிலில் அளப்பது எளிது, அளக்கக் கொண்டுவருவதுதான் நாய்படாத பாடு.

முதல் தடவை உர்ஹோ எங்கள் ஊர் மண்ணைத் துருப்பிடித்த காபி டின்னில் கொண்டுவந்தார். திருப்பி அனுப்பினேன். இரண்டாம் தடவை துத்தநாகம் பூசிய வாளியில்.

"உர்ஹோ, பிளாஸ்டிக் பைன்னு சொன்னேனே."

"வாளியைக் கழுவித்தான் கொண்டுவந்தேன் ஐலா."

"வாளிதான் உர்ஹோ பிரச்சினை. மண்ணுல வாளி ஏறிடும்."

"மண்ணு வாளில ஏறும். வாளி எப்படி மண்ணுல ஏறும்?" என்று மூன்று பேர் முன்னால் என்னை மடக்கிவிட்ட திருப்தியில் சிரித்தார். மூன்றாம் தடவை பை சரியாக இருந்தது. ஆனால் கையில் வெடிப்புக்குக் களிம்பு தடவிக்கொண்டு மண்ணைப் பிசைந்து, கட்டி உடைத்துக் கொண்டுவந்திருந்தார், அழகாக இருக்கட்டும் என்று. டிகோரி மட்டும் என்ன, அவர் மண் பாஸ்டி சுற்றுகிற அலுமினியத் தாளில் வந்தது. கொஞ்சம் வெங்காய வாசனையும் அடித்தது.

கடைசியில் நானே போய் இரண்டு ஊரிலும் மண் எடுத்தேன். ட்ரெவோர்த்தன் மண் ஏரிக்கரை மணல், மாவு மாதிரி. நைலான் சல்லடையில் சலித்தால் போதும். கிவிலா என்றால் எங்கள் ஃபின்னிஷ் மொழியில் கல் இருக்கிற இடம். பெயருக்குத் துரோகம் செய்யாத மண். அதை அரைத்துத்தான் ஆகவேண்டும். அரைப்பதற்கு எங்களிடம் இருந்த அகேட் கல் கிண்ணத்தை, அது எவ்வளவு உறுதி என்று டீனுக்குக் காட்டும்போது டாக்டர் கீழே போட்டிருந்தார். அதனால் பீரோவில் இருந்த கனத்த உலோகக் கிண்ணத்தை எடுத்தோம். அது எதற்கும் உடையாது.

மணியில் மாதிரி எடுக்க வேண்டிய நாளுக்கு முந்தின நாள், அது எங்கள் ஊரில் இருந்த ஆறு மாதம், விஞ்ஞானிகள் வருகிறார்களே என்று உர்ஹோ நான்கு பேரை வைத்து மணியைப் பித்தளைப் பாலிஷ் போட்டுப் பளபளவென்று துடைத்துவைத்தார். டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். பாலிஷ் ஏறாத உள்பக்கத்தில் துளைபோடுவதென்று முடிவாகி, கடையில் கிடைத்ததிலேயே உறுதியான டிரில் முனையாக வாங்கி, மணியின் வயிற்றுக்குள் தலையை விட்டு அவரே துளைத்தார். தூளை நான் பிடித்துக்கொண்டேன். இரண்டு ஊர்க்காரர்களும் பல்டாக்டர் வாசலில் நிற்பதுபோல் முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றார்கள்.

எந்திரம் ஓடியது. செம்பில் வழக்கமாகப் பார்க்கிற வெள்ளி, ஆர்சனிக் எல்லாம் இரண்டு ஊர் மண்ணிலும் ஏறக்குறைய ஒன்றுபோலவே கிடந்தன. எந்த முடிவுக்கும் வர முடியவில்லை. டாக்டர் சோர்ந்துபோகிற ஆள் இல்லை. அறுபதுக்கு மேற்பட்ட தனிமங்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தவர், ஓரிடத்தில் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்துவிட்டார். மணியில் டங்ஸ்டனும் கோபால்ட்டும் கொஞ்சம் இருந்தன. கிவிலா மண்ணிலும் டங்ஸ்டனும் கோபால்ட்டும் கொஞ்சம் இருந்தன. அதே விகிதத்தில். ட்ரெவோர்த்தன் மணலில் சுத்தமாக இல்லை.

"மச்சம்!" என்றார் டாக்டர். "ஐலா, இது மச்சம்!"

எதுவும் கலக்காத சுத்த மணலை வெற்று மாதிரியாக அரைத்து ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லலாமே என்றேன். அடுத்த வாரம் பார்ப்போம், இப்போது பத்திரிகைக்காரரைக் கூப்பிடு என்றார். என் ஊருக்குச் சாதகமான முடிவை நானே எத்தனை தடவைதான் தட்டிக்கேட்பது? கூப்பிட்டேன்.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட ஜிம்மில் கூட்டம் நிரம்பி வழிந்தது. திருவிழாவில் தொலைந்துபோன பிள்ளை இருபது வருடம் கழித்துத் திரும்பி வந்தால் தாய் எதை வைத்து அடையாளம் கண்டுபிடிப்பாள் என்று டாக்டர் கேட்டார். கேட்ட வேகத்திலேயே அவரே, "மச்சம்" என்றார். பிறகு தசமப்புள்ளிக்குப் பின்னால் நான்கு இலக்கம் வைத்து எண்களை வாசித்தார். நான்கு இலக்கம் கேட்டதும் எதிர்க்கட்சியும் அடங்கிவிட்டது.

உர்ஹோ எழுந்து கையைக் கோட்டுக்குள் விட்டுக்கொண்டார். "இந்த மணியோட உடம்புல ஓடுறது கிவிலா ரத்தம்! நம்ம மண்ணு! நம்ம செம்பு! வேற எந்தக் கலப்படமும் இல்லாத மணி இது!" என்றார். எங்கள் ஆட்கள் ஏலக்காய் போட்ட நிசு ரொட்டியும் காபியும் கொண்டுவந்து எதிரிகளுக்கும் சேர்த்துக் கொடுத்தார்கள். ஜெயித்தவர்களின் தாராளம்.

டிகோரி ரொட்டியைத் தொடவில்லை. டாக்டரிடம் போய் ரொம்பப் பணிவாக, "டாக்டர், நீங்க எங்க ஊர்ல தப்பான இடத்துல மண்ணு எடுத்துட்டீங்க. பழைய ரெண்டாம் சுரங்கத்து வாய்ல இருந்து நான் கொண்டுவர்றேன். பெரிய மனசு பண்ணி அதையும் ஒரு தடவை பாருங்க" என்றார். டிகோரி பணிவாகப் பேசி அதுவரை யாரும் கேட்டதில்லை. டாக்டருக்கு அது தெரியாது.

பை வந்தது. சாம்பல் நிறத்தில் குறுமணி குறுமணியாக இருந்தது. இந்தத் தடவை அலுமினியத் தாள் இல்லை, சுத்தமான பிளாஸ்டிக் பை. அரைத்தேன், கரைத்தேன், ஓட்டினேன். டங்ஸ்டன், கோபால்ட், அதே விகிதம். மச்சம் கிவிலா மண்ணில் இருந்ததைவிடப் பளிச்சென்று இருந்தது.

நான் எண்களை இரண்டு தடவை சரிபார்த்தேன். டாக்டரோ பூரித்துப்போனார். இரண்டு ஊருக்கும் அடியில் ஒரே செம்புப் படிவம் ஓடுகிறது, இதுவரை யாரும் கண்டுபிடிக்காதது என்றார். மத்தியானத்துக்குள் அதற்கு 'ப்ரௌவர் படிவம்' என்று பெயரும் வைத்துவிட்டார். மறுபடியும் ஜிம், மறுபடியும் பத்திரிகைக்காரர். இந்தத் தடவை ரேடியோவும் வந்தது.

டாக்டர் பேசி முடித்ததும் டிகோரி கையைத் தூக்கினார்.

"ஒரு சின்ன சந்தேகம் டாக்டர். நான் குடுத்த மண்ணும் மணியும் அப்பனும் மகனும் மாதிரின்னு சொல்றீங்க?"

"சந்தேகமே இல்ல. அப்படியே உரிச்சு வச்ச மாதிரி."

"சரி. அது எங்க வீட்டுப் பூனை ஒண்ணுக்குப் போற மண்ணு."

ரேடியோக்காரர் தன் மைக்கை இன்னும் கிட்டே நீட்டினார்.

"புது மூட்டைதான்" என்று மோர்வென்னா பின்வரிசையிலிருந்து தைரியம் சொன்னாள். "பூனை இன்னும் தொடலை."

ரேடியோக்காரர் சிரித்த சிரிப்பு மூன்று கவுண்டிக்கும் கேட்டது. "அப்போ ப்ரௌவர் படிவம் கடைல மூட்டைல கிடைக்குதுங்களா?" என்று யாரோ கேட்டார்கள். டாக்டர் நின்ற இடத்திலேயே தன் குறிப்புகளைத் திரும்பத் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு ஆய்வுக்கூடத்தில் கையில் கிடைத்ததையெல்லாம் அரைத்தோம். வெள்ளை மணல், உடைந்த பூந்தொட்டி, டாக்டரின் ஜன்னலோரம் இருந்த கூழாங்கல். எல்லாவற்றுக்கும் மச்சம் இருந்தது. டாக்டர் டிரில் முனை வந்த அட்டைப்பெட்டியை எடுத்துக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு படித்தார். பிறகு உலோகக் கிண்ணத்தைக் கவிழ்த்து அடியில் பொறித்திருந்ததைப் படித்தார். இரண்டும் ஒரே சரக்கு. டங்ஸ்டன் கார்பைடுத் தூளைக் கோபால்ட்டை வைத்து ஒட்டிச் செய்தது.

"அப்போ மணில இருந்த மச்சம்..."

"டிரில் முனையிலிருந்து வந்தது டாக்டர்."

"கிவிலா மண்ணுல இருந்தது?"

"கிண்ணத்திலிருந்து."

அவர் கிண்ணத்தை மெதுவாக நிமிர்த்தி வைத்தார். "ஆனா எவ்வளவு அழகாப் பொருந்திச்சு, ஐலா" என்றார் கடைசியில், பிரிந்துபோன காதலியைப் பற்றிச் சொல்வதுபோல். "நான் இத்தனை வருஷத்துல அப்படி ஒரு பொருத்தத்தைப் பாத்ததே இல்ல."

"ரெண்டும் ஒரே கம்பெனி சரக்கு டாக்டர்" என்றேன்.

மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தோம். வேறொரு கல்லூரியிலிருந்து அகேட் கிண்ணம் கடன் வாங்கி அதில் மண்ணை அரைத்தோம். மணியின் உள்பக்கத்தை உடைந்த குவார்ட்ஸ் கல்லின் விளிம்பால் சுரண்டினோம். ஒவ்வொரு மாதிரிக்கும் முன்னால் ஒரு வெற்று மாதிரி, பின்னால் ஒரு வெற்று மாதிரி. மச்சம் மாயமாக மறைந்துவிட்டது. அதற்குப் பதிலாக, மச்சத்தின் பூரிப்பில் முதல் தடவை நாங்கள் கண்டுகொள்ளாத வேறு சில விருந்தாளிகள் மணிக்குள் தெரிந்தார்கள். ஈயம், ஆன்டிமனி, துத்தநாகம், நிக்கல், எல்லாம் தாராளமாக. எங்கள் பகுதிச் செம்பு அநியாயத்துக்குச் சுத்தமானது. இவ்வளவு அழுக்கு அதில் கிடையவே கிடையாது. இது எங்கேயோ தெற்கே ஒரு வார்ப்புக்கூடத்தில் பழைய குழாய், கட்டில் குமிழ், தோட்டா உறை என்று கிடைத்ததையெல்லாம் உருக்கி ஊற்றிய மணி. கிவிலாவும் இல்லை, ட்ரெவோர்த்தனும் இல்லை.

கமிஷனர் கடைசிக் கூட்டத்தைக் கூட்டினார். அக்டோபர் பாதி தாண்டிவிட்டது, பனி எந்த நாளும் விழலாம். டாக்டர் மைக்கைப் பிடித்தார். ஆனால் அவர் பழைய டாக்டர் இல்லை. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் ஒரு 'பெரும்பாலும்', பின்னால் ஒரு 'கூடக்குறைய'. கையாண்ட முறையின் எல்லைக்குட்பட்டு, மாதிரியின் சீரின்மையைக் கணக்கில் கொண்டு, மாற்று விளக்கங்களை முற்றிலும் நிராகரிக்காமல் அவர் பேசிக்கொண்டே போனபோது கமிஷனர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"டாக்டர், ஒரே வார்த்தை. எந்த ஊர் செம்பு?"

"அதை ஒரே வார்த்தைல சொல்றதுல இருக்கிற நிச்சயமின்மை..."

"ஐலா, நீங்க சொல்லுங்க."

நான் மைக்குக்குப் போனேன். "ரெண்டு ஊரும் இல்ல. இது வெளியூர்ப் பழைய உலோகத்தை உருக்கிச் செஞ்ச மணி" என்றேன்.

ஜிம் முழுக்க ஒரு பெருமூச்சு ஓடியது. "காயலான் கடை மணியா?" என்றது ஒரு குரல். "இதுக்கா நாங்க வருஷா வருஷம் லாரி பிடிச்சோம்?" என்றது இன்னொன்று.

கமிஷனர் எழுந்தார். "ஆக மணிக்குச் சொந்த ஊர் கிடையாது. ஆனா நாம எடுத்த முடிவு முடிவுதான். மணி இருக்கிற ஊர்லதான் மத்ததெல்லாம். அதனால இப்ப நான் நேரா கேக்கறேன். மணியை எந்த ஊர் எடுத்துக்குது? முதல்ல கிவிலா."

மணி இருக்கிற ஊரில் ஹால், ஹால் இருக்கிற ஊரில் வண்டி. 'எடுத்துக்கறோம்' என்று ஒரே வார்த்தை சொன்னால் போதும். என் வேலை தப்பித்தது. நான் உர்ஹோவைப் பார்த்தேன். உர்ஹோ மெதுவாக எழுந்தார். கையைக் கோட்டுக்குள் விட்டார்.

எனக்குப் பகீரென்றது.

"நண்பர்களே" என்றார். "கிவிலா ஏழை ஊரா இருக்கலாம். ஆனா மானமுள்ள ஊர்."

நான் இருமினேன். வாயைத் திறக்கக்கூடாது என்று கமிஷனர் சொல்லியிருந்தார், இருமக்கூடாது என்று சொல்லவில்லை. உர்ஹோ என்னைப் பார்த்தார். கண்ணை உருட்டி, கதவுக்கு வெளியே கொட்டகை இருக்கிற திசையில் தலையை ஆட்டினேன். ஸ்டியரிங் பிடிப்பதுபோல் இரண்டு கையையும் திருப்பினேன். அவர் நெகிழ்ந்துபோய் எனக்கு ஒரு சின்ன வணக்கம் வைத்தார். நான் கை தட்டச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டாரோ என்னவோ, குரல் இன்னும் உயர்ந்தது.

"யார் வீட்டுக் குழாயோ, யார் படுத்த கட்டிலோ! அந்தக் குப்பையைக் கொண்டுவந்து நம்ம ஹால்ல தொங்கவிடணுமா? நம்ம பிள்ளைங்க அதை நிமிர்ந்து பாக்கணுமா? ஒருநாளும் நடக்காது! இந்த மணியை கிவிலா தொடாது! வேணும்னா ட்ரெவோர்த்தன் எடுத்துக்கட்டும். அவங்களுக்குப் பொருத்தமாத்தான் இருக்கும்!"

எங்கள் ஆட்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

"ட்ரெவோர்த்தன்?" என்றார் கமிஷனர்.

டிகோரியின் முகம் அவர் கடை அடுப்பு மாதிரி சிவந்திருந்தது. துள்ளி எழுந்தார். "யோவ் ஹாபாலா! எங்களுக்கு மட்டும் மானம் இல்லையா? உன் எச்சிலை நாங்க எடுக்கணுமா? எங்க பாட்டன் பூட்டன் பூமியைக் குடையும்போது..."

அவர் சரித்திரம் அங்கேயே நின்றது. மோர்வென்னா அவர் கோட்டின் பின்பக்கத்தைப் பிடித்து ஒரே இழுப்பில் உட்காரவைத்தாள். மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு பேசினாள். மைக்கில்லாமலே எல்லோருக்கும் கேட்டது.

"பூமியைக் குடைஞ்சது போதும். வண்டி டிகோரி, வண்டி! மணியோட வண்டி வருதுய்யா."

"எந்த வண்டி?"

"பனியை உங்க பூட்டனா வந்து தள்ளுவாரு?"

டிகோரி சில நொடி வாயைத் திறந்தபடி இருந்தார். அந்த நொடிகளில் உர்ஹோவுக்கும் புரிந்திருக்கலாம். ஆனால் அவர் இன்னும் கைதட்டலுக்குத் தலைவணங்கிக்கொண்டிருந்தார்.

டிகோரி மறுபடி எழுந்தபோது முகத்தில் அப்படியொரு கருணை. "நண்பர் சொல்றது சரிதான். நாங்க எளிய ஜனங்க. அந்த மணி ஒரு அனாதை. அனாதையை வாசல்லயிருந்து துரத்தி எங்களுக்குப் பழக்கமில்ல. எடுத்துக்கறோம்."

"எழுதிக்குங்க!" என்று கமிஷனர் அலறினார். சுத்தியல் மேஜையில் விழுந்தது. அத்தனை மாதத்தில் அன்றுதான் அவர் முகத்தில் வலி இல்லாமல் பார்த்தேன்.

கூட்டம் கலைந்து வெளியே வந்தோம். உர்ஹோவைச் சுற்றி ஒரே பாராட்டு. "குடுத்தீங்க பாருங்க ஒரு சூடு!" என்று ஒருவர் முதுகில் தட்டினார். அப்போது பனி வண்டியின் டிரைவர் கூட்டத்தைத் தாண்டிப் போய் டிகோரியிடம், "பாஸ், உங்க ஊர் கொட்டகை சாவி யார்கிட்ட இருக்கு? இன்னிக்கே கொண்டுவந்து விட்டுடறேன்" என்றான்.

உர்ஹோவின் கை கோட்டுக்குள்ளிருந்து தானாக வெளியே வந்தது.

"ஐலா" என்றார் மெல்ல. "அந்த முடிவுல... மணியைத் தனியா குடுக்கறதுக்கு வழி இல்லையா?"

"இல்ல உர்ஹோ."

"நீ எனக்குச் சைகை காட்டினியே, அது?"

"வண்டி ஓட்டிக் காட்டினேன்."

"நீ எனக்காகக் கொடி பிடிச்சு ஆட்டறேன்னு நினைச்சேன்" என்றார். பிறகு ஏரிப்பக்கம் கறுத்துத் திரண்டிருந்த மேகத்தைப் பார்த்தார். கூட்டத்திலிருந்த மற்றவர்களும் ஒவ்வொருவராக அதைப் பார்க்க ஆரம்பித்தார்கள். பாராட்டு குறைந்துகொண்டே வந்து நின்றுபோனது.

நான் மட்டும் மேகத்தைப் பார்க்கவில்லை. டீனின் சிரிப்பை நினைத்துக்கொண்டு கார் சாவியைத் தேடிக்கொண்டிருந்தேன். மோர்வென்னா பக்கத்தில் வந்து நின்றாள்.

"நீ ஸ்டியரிங் சுத்தினதைப் பாத்துத்தான் எனக்கு ஞாபகமே வந்துச்சு" என்றாள்.

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

"உனக்கு நான் கடன்பட்டவ. கடை மாடில ஒரு ரூம் சும்மா கிடக்குது. ஹீட்டர் இருக்கு. வண்டி நேரா எங்க வாசல்லதான் ஆரம்பிக்கும். குளிர்காலம் முடியற வரைக்கும் வந்து இரு. சாப்பாடும் இங்கதான்."

என் தாத்தா கிவிலாவில் தன் கையால் கட்டிய வீட்டை நினைத்துக்கொண்டேன். ட்ரெவோர்த்தனில் ஒரு ராத்திரிகூடத் தங்காத எங்கள் வம்சத்தை நினைத்துக்கொண்டேன். எதிரே உர்ஹோ தன் காரின் டிக்கியைத் திறந்து, உள்ளே மண்வெட்டி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரே ஒரு கண்டிஷன்" என்றாள் மோர்வென்னா, விரலை நீட்டி. "உங்க ஜனங்க பாஸ்டிக்குள்ள கேரட்டைப் போட்டுக் கெடுத்து வச்சிருக்கீங்க. என் வீட்டு மேஜையில அந்தப் பேச்சே வரக்கூடாது."

"கேரட்டா?" என்றேன். "அப்படின்னா என்ன?"